80 வீத வரவு இல்லாட்டி சோதினை எழுத விடமாட்டினமா? தூரத்தில இருந்து பஸ்ஸில வாற பிள்ளையள் என்ன செய்யிறது?

கேள்வி கேட்ட தம்பி துணுக்காய்ப் பக்கமாம், வவுனியாவில கம்பஸ், பத்துக் கிழமை முடிஞ்சுது, 3 கிரெடிட் பாடம் ஒண்டில வரவு 73 வீதத்தில நிக்குதாம், இனி சோதினை இல்லையோ, இந்தச் சட்டம் தூரத்துப் பிள்ளையளுக்கு நியாயமோ எண்டு கேட்டிருக்கிறார். தம்பி, 73 எண்டால் இன்னும் முடியேல்லை. பயப்பிடாதைங்கோ, ஆனா இண்டையில இருந்து அந்தப் பாடத்தில ஒரு லெக்சரையும் விடாதைங்கோ.

கணக்கை வடிவாப் பாப்பம். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணித்தியால லெக்சர், அப்ப 3 கிரெடிட்டுக்கு 45. பதினைஞ்சு கிழமை செமஸ்டரில கிழமைக்கு 3 மணித்தியாலம் வரும், அதைக் கனக்க இடத்தில ஒரு நாள் 2, இன்னொரு நாள் 1 எண்டு பிரிச்சுப் போடுவினம். 45ல 80 வீதம் 36, அப்ப முழு செமஸ்டருக்கும் விடக்கூடியது 9 மணித்தியாலம் மட்டும்தான். பத்துக் கிழமையில 30 மணித்தியாலம் நடந்திருக்கு, 73 வீதம் எண்டால் நீங்கள் 22க்குப் போயிருக்கிறியள், 8 கையை விட்டுப் போட்டுது. மிச்சம் 15க்கும் போனால் 37, அது 82 வீதம். ஒரு மணித்தியால லெக்சர் ஒண்டு தவறினாலும் 36, சரியா 80ல நிக்கும். ஆனா அந்த 2 மணித்தியாலக்காரன் ஒண்டை விட்டியளோ 35, அது 78 வீதம் கூட இல்லை, சோதினை எழுத விடுறாக்களின்ர லிஸ்டில பேர் வராது. அதால எந்த நாளை விடுறம் எண்டதும் முக்கியம், பிள்ளையள் நாளைத்தான் எண்ணுறவை, ஒபிஸில மணித்தியாலத்தை எண்ணுவினம். அதோட இது பாடத்துக்குப் பாடம் தனித்தனிக் கணக்கு, மற்ற எல்லாத்திலயும் 95 இருந்தாலும் இது 79 எண்டால் இந்தச் சோதினை இல்லை.

நான் கம்பஸ் முடிச்சுப்போட்டு கொஞ்சக் காலம் டெமோவா, அதாவது லெக்சரர்மாருக்கு உதவியா நிக்கிற டெமொன்ஸ்ரேற்றரா நிண்டனான், சைன் சீற்றுகளை அடுக்கி வைச்சு எண்ணுற வேலை எங்களுக்குத்தான் வரும். அதால சொல்லுறன், சினேகிதப் பெடியனைக் கொண்டு சைன் போடுவிக்கிற வேலையை மட்டும் செய்யாதைங்கோ. சீற்றைக் கையில எடுத்தவுடன விளங்கும், மேல ஒருத்தன், கீழ மூண்டு பேர் தள்ளி இன்னொருத்தன், ரெண்டும் ஒரே பேனை, ஒரே சரிவு, போன கிழமை சைனோட பாத்தால் ஒட்டவே ஒட்டாது. சில சேர்மார் லெக்சர் முடிய முதல் தலையை எண்ணி சீற்றுக்கு அடியில வட்டம் போட்டு எழுதி விடுவினம். வட்டத்துக்குள்ள 41, சைன் 46 எண்டு வந்தால் பிறகு அந்த அஞ்சு பேர் ஆர் எண்டு தேடுற அலுவல் தொடங்கும், போட்டவனும் மாட்டுவான், போடுவிச்சவனும் மாட்டுவான், வரவுப் பிரச்சினையா இருந்தது ஒழுக்காற்று விசாரணையாப் போயிடும்.

சோதினைக்கு விடேல்லை எண்டால் என்ன நடக்கும் எண்டது தெரியாமல் கனபேர் "அடுத்த வருசம் ஜூனியர் பட்சோட எழுதலாம்தானே" எண்டு லேசாச் சொல்லுவினம். எழுதலாம். ஆனா அது ரிப்பீட் கணக்கில போகும், கனக்க பீடங்களில ரிப்பீட்டுக்கு என்னதான் மாக்ஸ் எடுத்தாலும் சி தான், 2.00. முதல் கிளாஸ், ரெண்டாம் கிளாஸ் எண்டு பட்டம் எடுக்க ஓடுற பிள்ளைக்கு அந்த ஒரு சி காணும், ஜிபிஏயை (எல்லாப் பாடத்துக்குமான சராசரிப் புள்ளியை) இழுத்து விழுத்த. மகாபொல, பேர்சரி எண்டு மாசம் மாசம் உதவிக் காசு எடுக்கிற பிள்ளையளுக்கு வரவு குறைஞ்சால் அந்தக் காசிலயும் கை வைப்பினம். 2025ல மகாபொலவை 7,500 ரூபா ஆக்கினவை, எங்கட பக்கத்துப் பிள்ளையளுக்கு போடிங் வாடகையில பாதி அதுதான், விளையாட்டில்லை.

இனி நியாயமோ எண்ட கேள்வி. என்ர மனசில பட்டதைச் சொல்லுறன். 80 எண்ட சட்டம் இருக்கத்தான் வேணும். வீட்டில இருந்து நோட்ஸ் பாத்துப் படிச்சு முடிக்கலாம் எண்டு சொல்லுறது ரவுணில டியூசனும் நல்ல இன்டர்நெட்டும் உள்ள பிள்ளைக்குச் சரிவரும், எங்கட ஊருகளில லெக்சருக்குப் போகாத பிள்ளைக்கு வேற வழி இல்லை. ஆனா அந்த மிச்ச 20ஐ முதல் மாசத்திலயே நித்திரைக்கும் பேர்த்டே பார்ட்டிக்கும் குடுத்துப் போட்டு கடைசியில கையை விரிக்கிறதைப் பாக்க எனக்கு வயிறு எரியும். எங்கட ஆக்களுக்கு அந்த 20 எதுக்கு எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. மாசியில காலபோக வெட்டு வரும், மிஷின் எங்கட வயலுக்கு எப்ப வரும் எண்டு மிஷின்காரனுக்கே தெரியாது, தகப்பன் இல்லாத வீட்டில பெடியன் நிக்கத்தான் வேணும். டெங்கு வரும். செத்தவீடு வரும். 2024 நவம்பர் கடைசியில வந்த வெள்ளத்துக்கு நாடு முழுக்க ஏ.எல் சோதினையையே நிப்பாட்டி டிசம்பர் 4 தான் திரும்பத் தொடங்கினவை, அப்பிடி ஒரு கிழமை வந்தால் அந்த 9 மணித்தியாலத்தில 3 அப்பிடியே போயிடும். வன்னிப் பிள்ளை அந்த 20ஐப் பொத்தி வைச்சிருக்க வேணும்.

அதே நேரம் நிர்வாகத்திட்டயும் பிழை இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். காலமை எட்டு மணி லெக்சருக்கு எட்டேகாலோட சைன் சீற்றை வாங்கி வைக்கிற சேர்மார் இருக்கினம். துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்தில இருந்து முதல் பஸ் எடுத்து மாங்குளம் வந்து ஏ9ஆல இறங்கி, பிறகு வவுனியா ஸ்ராண்டில மன்னார் றோட்டு பஸ்ஸுக்கு நிண்டு பம்பைமடு வாற பிள்ளை எட்டு இருபதுக்குத்தான் வரும், அதுக்கு முந்தி வர பஸ் இல்லை. மூண்டு மணித்தியாலம் பஸ்ஸில நிண்டு வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் ஒரே ஆப்சென்ட் எண்டால் அது நியாயமில்லை. எங்கட பட்சில ஒரு பிள்ளை ரெண்டாம் கிழமையே சேரிட்டப் போய், பஸ் வெளிக்கிடுற நேரம், வந்து சேருற நேரம் எல்லாம் ஒரு தாளில எழுதிக் குடுத்து, சீற்றை லெக்சர் முடியேக்க விட ஏலுமோ எண்டு கேட்டவ. அந்த சேர் அண்டையில இருந்து கடைசிப் பத்து நிமிசத்திலதான் சீற்றை விட்டவர், அதால தூரத்தில இருந்து வந்த எல்லாரும் தப்பினவை. எல்லாரும் அப்பிடி ஓமெண்ண மாட்டினம், எண்டாலும் ரெண்டாம் கிழமை கேக்கிற பிள்ளைக்கு இருக்கிற மரியாதை பதினாலாம் கிழமை அழுதுகொண்டு போற பிள்ளைக்கு இராது.

மற்றது, வரவு லிஸ்டைச் சோதினைக்குக் கிட்டத்தான் போர்டில ஒட்டுறது. ஏழாம் எட்டாம் கிழமை ஒருக்கா ஒட்டினால் எத்தினை பிள்ளையள் சுதாரிச்சுக் கொள்ளுவினம், இதை யூனியன் கேட்டு வாங்க வேணும். அதுவரைக்கும் நீங்களே கொப்பியின்ர பின் மட்டையில பாடத்துக்குப் பாடம் கோடு போட்டு வையுங்கோ. நடக்காத லெக்சரைக் கணக்கில சேக்கக் கூடாது, சேர் வரேல்லை எண்டால் அது உங்கட ஆப்சென்ட் இல்லை, லிஸ்டில பிழை இருந்தால் உடன எழுத்தில குடுங்கோ.

வருத்தம் எண்டால் அண்டைக்கே கவுண்மேந்து ஆசுப்பத்திரியில காட்டி துண்டு எடுங்கோ, பிரைவேட் டிஸ்பென்சரித் துண்டைக் கனக்க இடத்தில எடுக்க மாட்டினம். அதைக் கம்பஸ் மெடிக்கல் சென்டருக்கும் பீடத்து ஒபிஸுக்கும் குறிச்ச நாளுக்குள்ள குடுக்க வேணும், பிந்தினால் உண்மையான வருத்தமும் செல்லாது. குடுக்கேக்க ஒரு கொப்பியில திகதி போட்டு சீல் குத்தி வாங்கி வையுங்கோ. வெள்ளம், செத்தவீடு எண்டால் ஜீ.எஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) கடிதம் எடுத்து டி.எஸ் ஒபிஸில (பிரதேச செயலகத்தில) உறுதிப்படுத்திக் கொண்டு போங்கோ, அதைப் பாத்து முடிவெடுக்கிறது பீடச் சபை, எடுப்பினம் எண்டு உறுதி இல்லை, ஆனா கடிதம் இல்லாமல் கதைச்சால் ஒருத்தரும் கேக்க மாட்டினம். வயல் வெட்டுக்கு மெடிக்கல் எடுக்கப் போகாதைங்கோ.

சீனியர்மாரிட்ட இருக்கிற பழைய கைந்நூலைப் பாத்து முடிவெடுக்காதைங்கோ. வவுனியா 2021 ஆகஸ்ட் 1ல இருந்து தனிப் பல்கலைக்கழகம், அதுக்கு முந்தினது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமா இருந்த காலத்துப் புத்தகம். கிளிநொச்சி அறிவியல் நகரில படிக்கிற பிள்ளையளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சட்டம், அதிலயும் பீடத்துக்குப் பீடம் பாக்க வேணும். ஏ.ரி.ஐ எண்ட உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில எச்.என்.டி (உயர் தேசிய டிப்ளோமா) செய்யிறாக்களுக்கும் 80தான். பிராக்டிக்கலுக்கு இன்னும் இறுக்கம், சில பாடங்களில ஒண்டு விட்டாலே அந்த மாக்ஸ் போயிடும், உங்கட பாடத்துக்கு பிராக்டிக்கல் இருந்தால் நாளைக்கே டெமோவிட்டக் கேளுங்கோ.