நடுராத்திரியில் மரத்துப்போகும் மூன்று விரல்கள்

கேள்வி: வயது 34. எட்டு மாதங்களாகக் கிட்டார் பழகுகிறேன், தினமும் இரவு இரண்டு மணி நேரம். முதல் பத்து நிமிடம் இடது கை விறைப்பாக இருக்கிறது. விரல்கள் சில்லிட்டிருக்கின்றன, நெட்டி முறிகிறது, நுனி எரிகிறது. வீடியோ பார்த்து, வெந்நீரில் 15 நிமிடம் கையை ஊறவைத்து, விரல்களைப் பின்பக்கமாக வளைத்து, பிடி ஸ்பிரிங்கை 100 தடவை அமுக்கிவிட்டுத்தான் வாசிக்க உட்காருகிறேன். சரியான வார்ம்-அப் எது? மூன்று வாரமாக இடது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் நடுராத்திரியில் விழிப்பு வருகிறது, உதறினால் சரியாகிறது. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை எடுக்கிறேன். கிட்டாரை விட வேண்டிவருமோ?

பதில்: விட வேண்டாம். ஆனால் அந்த நடுராத்திரி விழிப்புக்கு எந்த வார்ம்-அப்பும் மருந்தாகாது. அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான பாதை ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை மடக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். தசைநாண் உறை தடித்தாலும் ஏறும். நசுங்குவது நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அதுதான். உங்கள் விரல்கள் அப்படியே பொருந்துகின்றன. தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடித்துக்கொள்கிறோம், அதனால்தான் ராத்திரியில் வருகிறது. கார்ப்பல் டனல் என்பார்கள். சுண்டு விரல் மரத்திருந்தால் சந்தேகம் வேறு நரம்பின்மேல், பெரும்பாலும் முழங்கையில்.

இந்தப் பெயரை இணையத்தில் தேடிப் போய் அறுவை சிகிச்சைப் படங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மூன்று வாரத் தொல்லைக்கு முதல் வைத்தியம் ஒரு மணிக்கட்டுப் பட்டை. தூங்கும்போது மட்டும், ஆறு வாரம். கடையில் கிடைப்பதில் உள்ளே ஒரு உலோகத் தகடு இருக்கும், பெரும்பாலும் கையை மேல்நோக்கி வளைத்தபடி. அதை வளைத்து நேராக்கிவிட்டுப் போடுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் குறைவு. பயிற்சியை 15 நிமிடமாகத் துண்டு போட்டு, நடுவில் ஐந்து நிமிடம் கிட்டாரைக் கீழே வையுங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரம் இப்போதைக்கு வேண்டாம்.

இனி, நீங்கள் கண்காணிக்க வேண்டிய ஒரே விஷயம். கட்டை விரலின் அடியில் இருக்கும் சதை மேடு. இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது மேடு தட்டையாகத் தெரிகிறதா? அடுத்து, உள்ளங்கை மேலே பார்க்க இடது கையை மேசைமேல் வைத்து, கட்டை விரலைக் கூரையை நோக்கி நிமிர்த்துங்கள். வலது கை விரலால் அதைக் கீழே தள்ளுங்கள். எதிர்த்து நிற்க வேண்டும். வலது கையிலும் செய்து ஒப்பிடுங்கள். மேடு வற்றியிருந்தாலோ, விரல் சட்டென்று சாய்ந்தாலோ, சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ, பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ ஆறு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பார்த்து நரம்பு மின்கடத்தல் சோதனை செய்துகொள்ளுங்கள். இதில் ஒரு ஏமாற்று உண்டு: நரம்பு மோசமாகும்போது வலி குறைந்து வெறும் மரப்பு மட்டும் மிஞ்சும். குணமாகிவிட்டது என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டு வருபவர்களுக்கு, வற்றிய சதை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதில் பி6 என்ற வைட்டமின் இருக்கிறது; உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது இரண்டு மில்லிகிராம் அளவுதான். வீரியமான மாத்திரைகள் சிலவற்றில் 100 மில்லிகிராம்வரை இருக்கிறது. அதை மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே கை கால்களை மரக்க வைக்கும். மரப்புக்கு மருந்தென்று எடுத்துக்கொண்டு மரப்பை வாங்கிக்கொள்வானேன்?

நெட்டி முறிவது மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உருவாகும் சத்தம், வலியில்லாதவரை மறந்துவிடுங்கள். நுனி எரிச்சல் தோல் காய்க்கும்வரைதான். வாசிக்க ஆரம்பித்து எட்டு மாதமாகியும் எரிவதற்கு உங்கள் வெந்நீர் வைத்தியமே காரணமாக இருக்கலாம். 15 நிமிடம் ஊறினால் காய்ப்பு இளகிவிடும், பிறகு கம்பி அறுக்கத்தான் செய்யும்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. விரல் நுனியைச் சூடாக்கி என்ன பயன்? மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெதுவெதுப்பான நீரை இரண்டு நிமிடம் ஊற்றித் துடையுங்கள், போதும். ஸ்பிரிங் வேண்டாம். அழுத்திப் பிடிக்கும் அதே தசைகளை வாசிக்கும் முன்பே களைப்பாக்கி, அதே குறுகிய பாதையில் தசைநாண்களை இழுத்துத் தேய்க்கும் வேலை அது. குளிர்ந்த விரலைப் பின்னுக்கு வளைப்பதும் அப்படித்தான்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். விரல்களை நேராக நீட்டுங்கள், அடி மூட்டு நேராகவே இருக்க, நுனிகளை மட்டும் கொக்கிபோல மடக்குங்கள், முழு முஷ்டி, பிறகு நுனிகள் உள்ளங்கையின் அடிப்பக்கத்தைத் தொடும் தட்டையான முஷ்டி. மெதுவாக ஐந்து முறை. மரத்தால் நிறுத்திவிடுங்கள்.

பிறகு கிட்டார். முதல் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில் தலைப்பக்கம் முதலாவது) தொடங்காதீர்கள்; அங்கே இடைவெளி அகலம், கையும் எட்டிப் போக வேண்டும், மணிக்கட்டு மடங்கும். ஏழாவது ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு ஒரு விரல், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 துடிப்பு, துடிப்புக்கு ஒரு ஸ்வரம், மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்கு. ஃப்ரெட்டை ஒட்டி அழுத்துங்கள். இரைச்சல் நின்று சத்தம் தெளியும் இடம்வரை மட்டும். அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் கட்டை விரல் கழுத்தைப் பிடித்து நெரிப்பதற்குத்தான் போகிறது. ஐந்து நிமிடம் கழித்து ஐந்தாவது ஃப்ரெட், பிறகு முதல் ஃப்ரெட்டை நோக்கி. ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டுகள் பத்து நிமிடத்துக்குப் பிறகு. உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் மாட்டி, கிட்டார் கழுத்தின் முனை தோளுயரம் வரும்படி தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு தானே நேராகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

பட்டை போட்டும் ஆறு வாரத்தில் ராத்திரி விழிப்பு குறையாவிட்டால் நேரில் வந்து காட்ட வேண்டும். அதற்குள் வலது கையும் மரக்கத் தொடங்கினால் பழியைக் கிட்டாரின் மேல் போடாமல், முதலில் ரத்தச் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.