பூட்டியிருந்த கதவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நொய்டா ஆருஷி கொலையைப் பற்றி இரண்டு ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். போலீஸ் விலைபோய்விட்டது என்றுதான் தோன்றுகிறது. டி.வி. பேட்டியில் அந்தப் பெண்ணின் அம்மா முகத்தில் அழுகையே இல்லை. உங்கள் கணிப்பில் கொன்றது யார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யார் என்று எனக்குத் தெரியாது. போலீஸ் விலைபோனதற்கு என்னிடம் ஆதாரமில்லை, உங்களிடமும் இல்லை. அழாத முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதுகிற வேலையை இத்தோடு விடுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேமராவுக்கு முன்னால் நம் திருப்திக்கு மாரடித்துக் காட்ட வேண்டுமா? 2013 நவம்பரில் காசியாபாத் நீதிமன்றம் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அது அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது ஒரு பூட்டு.

2008 மே 16 காலை. நொய்டாவின் ஜல்வாயு விகார் குடியிருப்பில், பதினான்கு வயது நிறையாத ஆருஷி தன் படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடக்கிறாள். சற்று நேரத்தில் அது சாவு வீடாகிவிட்டது. உறவுகள், அக்கம்பக்கம், நிருபர்கள் என்று ஆளாளுக்கு உள்ளே போய் வந்தார்கள். வீட்டு வேலை பார்த்த ஹேம்ராஜைக் காணவில்லை. அவர்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று போலீஸ் முடிவுகட்டி, பரிசுத்தொகையும் அறிவித்தது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. அங்கே ரத்தக்கறை இருப்பதைச் சிலர் காட்டினார்கள். சாவி கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். ரத்தம் ஊறிய மெத்தையை மாடியில் போடத் தூக்கிப்போனவர்கள்கூட பூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து மாடியில் போட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் கதவை உடைத்தால், தேடப்பட்ட ஹேம்ராஜ் அங்கே செத்துக் கிடக்கிறார். மே மாத வெயிலில் உடல் அழுகிவிட்டிருந்தது.

ஒரு பூட்டை உடைக்க என்ன வேண்டும் தம்பி? ஒரு சுத்தியல். அதுகூட வேண்டாம், ஒரு கல் போதும். லஞ்சம் வாங்கியவன்தான் அதை உடைக்காமல் விடுவான் என்பதில்லை. வேலைக்காரன் ஓடிவிட்டான் என்று கதை அப்போதே எழுதி முடிந்திருந்தது. முடிந்த கதைக்குக் கதவை எதற்குத் திறப்பது? ‘விலைபோய்விட்டது’ என்று நீங்கள் எழுதியதும் அதே மாதிரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் போல்டரிலும் இப்படித்தான். 1996 டிசம்பர் 26, ஆறு வயது ஜான்பெனே ராம்சியைக் காணோம். பணம் கேட்டு ஒரு கடிதம் கிடந்ததால் அது கடத்தல் என்று ஆகிவிட்டது. தேடவந்த போலீஸ்காரர் நிலவறையில் கொண்டி போட்டிருந்த ஒரு கதவைத் திறக்கவில்லை. மதியம் அப்பாவே திறந்து, வாயில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தெடுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். தடயங்கள் கலைந்துபோயின. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். என்னோடு படித்த பையன் தோட்டத்துக் கிணற்றில் மிதந்தான். ஊரே கூடி, கயிற்றுக் கட்டிலில் வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். அவன் செருப்பு கிடந்ததைப் பார்த்தேன். அவன் அம்மா கேட்பாளே என்று இரண்டையும் எடுத்துப்போய்க் கொடுத்தேன். அவள் முந்தானையால் மண்ணைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வந்த ஏட்டு, “செருப்பு எங்கே கிடந்தது?” என்று கேட்டார். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடி விழும் என்று நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். தவறி விழுந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஒன்று கிணற்றுப் படியில் கிடந்தது, தம்பி. இன்னொன்று வேலிக்கு அந்தப் பக்கம், வண்டிப்பாதையில்.