சேவல் பாதத்தில் கறுப்புப் பொருக்கு: பிதுக்காதீங்க

அண்ணே, மேலூர்ல சிமெண்ட் தரையில வளர்ற உங்க சேவல் நாலு நாளா வலது காலைத் தூக்கியே நிக்குது, பாதத்தடியில மிளகு அளவு கறுப்புப் பொருக்கு, சுத்தி வீக்கம்னு எழுதியிருக்கீங்க. பிளேடால கீறலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம்.

அந்தப் பொருக்குக்கு அடியில இருக்குறது சீழ்க்கட்டி. கோழிக்குச் சீழ் தண்ணியா ஓடாது. பிசைஞ்ச மாவு மாதிரி கெட்டியா உறைஞ்சு நிக்கும். பிதுக்கினா வெளிய வராது, கிருமிதான் தசைநாருக்கும் எலும்புக்கும் இறங்கும்.

இருட்டா இருக்கும்போது பிடிச்சா திமிறாது. துண்டால இறக்கையோட சுத்திக்கிட்டு, கை பொறுக்கும் சூட்டுல 1 லிட்டர் தண்ணி, 1 மேசைக்கரண்டி கல்லுப்பு போட்டு 15 நிமிஷம் கால் முங்க வைங்க. காலை, மாலை ரெண்டு வேளையும். ஊறின பொருக்கு தானா கழண்டா சரி, ஒட்டியிருந்தா விட்டுருங்க. ஈரம் ஒத்தி எடுத்து, பால் விடாத டீ நிறத்துக்குத் தண்ணியில கலக்கின பெட்டாடைன் தடவி, மடிச்ச காஸ் துணி வச்சு விரலிடுக்கு வழியாச் சுத்துங்க. விரல் சில்லிட்டாலோ வீங்கினாலோ கட்டு இறுக்கம்னு அர்த்தம். தினமும் புதுக் கட்டு.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் மேல ஈ அண்டாம இருக்க உதவும், உள்ள இருக்குற கட்டிக்கு எட்டாது.

தரையை மாத்தாம மருந்து மட்டும் போட்டா திரும்ப வரும். காய்ஞ்ச வைக்கோல் 3 அங்குலம் பரப்புங்க. உசரத்துல இருந்து குதிக்கிற கனத்த சேவலுக்குத்தான் இந்தக் கட்டி அதிகம், அதனால அடையுற கட்டை 1 அடிக்கு மேல வேண்டாம்.

வீக்கம் கணுக்காலுக்கு ஏறினாலோ தீனி எடுக்கலைன்னாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போயிருங்க. வீட்டுல மிஞ்சின மனுஷ மாத்திரையைப் பொடிச்சுக் கொடுக்காதீங்க. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.