கரண்டிமூக்கு உள்ளானைத் தேடி மூன்று குளிர்காலம்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக மார்கழி, தை மாதங்களில் கோடியக்கரைக்குச் சென்று, அலகின் நுனி கரண்டிபோல் அகன்ற சிறு கரைப்பறவையான கரண்டிமூக்கு உள்ளானைத் தேடி வருகிறேன். வேதாரண்யம் உப்பளங்களின் ஓரத்தில் பகல் முழுவதும் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான் பார்க்கும் முறையில் தவறா, அல்லது அந்தப் பறவை இங்கே வருவதே இல்லையா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் மீது தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ருசியாவின் வடகிழக்கு மூலையிலுள்ள சுக்கோட்கா, கம்சாத்கா கரைகளில் குஞ்சு பொரித்து, மஞ்சள் கடலின் சேற்றுத் திட்டுகளில் இளைப்பாறி, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பறந்து தெற்கே வரும் இந்தப் பறவையின் குளிர்கால இருப்பிடங்களில் முதன்மையானவை மியான்மரின் மொட்டாமா வளைகுடாவும், வங்கதேசத்தின் சோனாதியா தீவும், தாய்லாந்துக் கரையும்தான். கோடியக்கரையில் முன்பு இது பதிவாகியிருப்பது உண்மை. ஆயினும் நம் கரை அதன் வலசை எல்லையின் மேற்கு ஓரம். உலகிலேயே சில நூறு பறவைகள்தான் எஞ்சியிருக்கும்போது, ஓரத்துக்கு வந்து சேர எத்தனை மிஞ்சும்? தென்கொரியாவின் சேமாங்கம் கழிமுகத்தைக் கடற்சுவர் எழுப்பி 2006இல் அடைத்தது போன்ற வேலைகளால் வழித்தங்கல் சேறு பறிபோனதும், வேடர்களின் வலைகளும் அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்துள்ளன. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

பார்க்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கரண்டி தெரியவே தெரியாது. அதே கரைகளில் திரியும் மற்றொரு சிறு பறவையான கொசு உள்ளானின் நேரான கறுத்த அலகு போலவே இருக்கும். பறவை நம்மை நோக்கித் திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் நுனி அகன்றிருப்பது புலப்படும். ஒருமுறை அப்படி அகன்ற நுனியைக் கண்டு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து அப்பறவை தண்ணீரில் அலகை அலசியதும், ஒட்டியிருந்த சேற்றுக் கட்டி கரைந்து, அது சாதாரணக் கொசு உள்ளான் என்பது தெரிந்தது. எனவே அலகை மட்டும் நம்பாமல், நெற்றியும் மார்பும் மற்றவற்றைவிட வெளுத்திருக்கின்றனவா, தலையைத் தாழ்த்தி அலகை நீருக்குள் வைத்தபடியே இடமும் வலமுமாக அசைத்து நடக்கிறதா என்று கவனியுங்கள். ஓதம் உயர்ந்து சேறு மூழ்கும் வேளையில் உள்ளான்கள் மேட்டில் நெருங்கிக் கூடி நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்க்க அதுவே தோதான நேரம்.

கேள்வி: எதுவும் கிடைக்காத நாட்களின் குறிப்பை வைத்திருப்பதால் பயன் உண்டா?
– அதே வாசகர்

பதில்: நிச்சயமாக உண்டு. எந்த இடத்தில், எத்தனை மணி நேரம், எத்தனை கொசு உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள் என்ற எண்ணிக்கையோடு எழுதிய "இல்லை" என்ற குறிப்பு, வெறுமனே "காணவில்லை" என்று வாயால் சொல்வதைவிடப் பன்மடங்கு மதிப்புடையது. அதை, பறவை பார்ப்போர் தம் குறிப்புகளைப் பதியும் இபேர்ட் (eBird) இணையதளத்தில், கண்ட பறவைகள் அனைத்தையும் சேர்த்த முழுப் பட்டியலாகவே பதிவு செய்யுங்கள். காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டிய, எழுத்துப் பொறித்த சிறு கொடியோடு எந்த உள்ளான் தென்பட்டாலும், கொடியின் நிறம், எழுத்து, அது எந்தக் காலில் இருந்தது என்ற மூன்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.