மின்சார ஸ்போர்ட்ஸ் கார்: முதலில் வீட்டு வயரிங்கைப் பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு. சிங்கப்பூரில் இருக்கும் மகன், எம்ஜி சைபர்ஸ்டர் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி இங்கே நிறுத்தப்போவதாகச் சொல்கிறான். லீவுக்கு வரும்போது மட்டும்தான் ஓட்டுவான். 3.2 விநாடியில் 100 கிமீ வேகம், ஒரு சார்ஜில் 580 கிமீ என்கிறார்கள். சென்னைக்கு நிற்காமல் போய்விடலாமா? வீட்டில் சார்ஜ் ஏற்ற என்ன செய்ய வேண்டும்?

பதில்: நிற்காமல் போக முடியாது. 580 என்பது இந்தியச் சோதனை முறையில் கிடைத்த அளவு. ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை முறையில் அதே காருக்கு சுமார் 444 கிமீதான். பேட்டரி 77 கிலோவாட் அவர், அதாவது மீட்டர் கணக்கில் 77 யூனிட். நாற்கரச் சாலையில் ஏசி போட்டு 110 வேகத்தில் போனால் 100 கிமீக்கு 22 யூனிட் வரை இழுக்கும் என்று வையுங்கள். 350 கிமீ வரும். அதில் 50ஐக் கையிருப்பாக விடுங்கள். சென்னை 400க்கு மேல். விழுப்புரம் பக்கம் 60 கிலோவாட் டிசி சார்ஜரில் (வேகமாக ஏற்றும் பொது சார்ஜர்) ஒரு மணி நேரம் போட்டால் போதும். 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வேகம் உண்மைதான். இரண்டு மோட்டார், 510 பிஎஸ் (குதிரைத்திறன்), 725 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), நான்கு சக்கரத்துக்கும் இழுவை. காலை வைத்ததுமே டார்க் முழுசாக வந்துவிடும். ஆனால் அந்த 3.2 விநாடிக்குச் சுத்தமான, காய்ந்த தார் வேண்டும். ஓரத்துச் செம்மண் ரோட்டில் படிந்திருந்தால் டயர் பிடிக்காது. கார் ஏறக்குறைய இரண்டு டன், சட்டென்று நிற்காது. மகனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் வீட்டு வயரிங் மேல்தான். மரப்பட்டியில் ஓடும் பழைய வயரில் இந்தக் காரைச் செருகவே கூடாது. 7.4 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) 32 ஆம்பியரைப் பத்துப் பதினோரு மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய இணைப்புகள் சூடேறி உருகும். மீட்டரிலிருந்தே தனி லைன், 40 ஆம்பியர் எம்சிபி (அதிக மின்சாரம் பாய்ந்தால் துண்டிப்பது), 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிப்பது) போடச் சொல்லுங்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். மீட்டர் முகப்பில், கார் ஷெட் பின்கட்டில் என்றால் 60 மீட்டர் கேபிள் ஆகலாம். அந்த நீளத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியில் 14 வோல்ட் இறங்கும். 10 ஸ்கொயர் எம்எம்மில் 8 வோல்ட்தான். எலெக்ட்ரீஷியன் 6 போதும் என்றாலும் 10 வாங்கிக் கொடுங்கள். எர்த் குழி புதிதாகத் தோண்ட வேண்டும். செம்பாறை மண் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பிடிக்காது, வால்பாக்ஸ் பிழை காட்டி நின்றுவிடும். எர்த் டெஸ்டர் வைத்து, மின்தடை 5 ஓமுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். மின்வாரியத்தில் லோடு கூட்டவும் விண்ணப்பிக்க வேண்டும்.

மகன் ஊருக்குத் திரும்பும்போது 100 சதவீதம் ஏற்றி விட்டுப் போகக் கூடாது. வெயில் காலத்தில் நிறைந்த பேட்டரி சீக்கிரம் தேயும். 50 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நின்றால் முதலில் படுப்பது 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். கதவுகள் மோட்டாரில் மேல்நோக்கித் திறப்பவை, அது படுத்தால் திறக்காது. கையால் திறக்கும் வழியை டெலிவரி அன்றே செய்து காட்டச் சொல்லுங்கள். புக் பண்ணுவதற்கு முன் ஷெட் கூரையின் உயரத்தையும் அளந்துகொண்டு ஷோரூம் போங்கள்.