ஒன்றரை அடி மேசைக்கு 27 இஞ்ச் கேமிங் மானிட்டர் வாங்கலாமா?

கீழக்கரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மேசை இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், சுவரை ஒட்டிப் போட்டது. கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. ஆடுவது வேலரண்ட், ஜிடிஏ 5. வாப்பா தருவது 12,000 ரூபாய். அந்த விலைக்குள் 27 இஞ்ச் வளைந்த மானிட்டர் ஒன்று வருகிறது, எடுக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம் தம்பி. 24 இஞ்ச், தட்டைத் திரை, 1080பி, ஐபிஎஸ் வகைப் பேனல், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும் வேகம்) அல்லது அதற்கு மேல், முதுகில் பிராக்கெட் மாட்டுவதற்கான நான்கு வெசா துளைகள். இதைத் தேடுங்கள். இப்போதைய விலையில் சுமார் 9,000 முதல் 11,000 ரூபாய்க்குள் கிடைக்கும். மிச்சத்தில் ஒரு சுவர் பிராக்கெட்டும் ஒரு டிஸ்ப்ளே போர்ட் கேபிளும் வாங்குங்கள்.

27 இஞ்ச் வைத்திருப்பவர்கள் கோபப்பட வேண்டாம். இரண்டு அடிக்கு மேல் ஆழமுள்ள மேசையில், புள்ளிகள் கூடுதலான 1440பி திரையாக இருந்தால், அது அருமையான அளவு. இங்கே பேச்சு ஒன்றரை அடி மேசையைப் பற்றி.

கணக்கைப் பாருங்கள். 24 இஞ்ச் என்று விற்பது உண்மையில் 23.8 இஞ்ச். படம் தெரியும் பகுதி 52.7 செ.மீ. அகலம், 29.6 செ.மீ. உயரம். 27 இஞ்சில் 59.7 செ.மீ. அகலம், 33.6 செ.மீ. உயரம். உங்கள் மேசை 76 செ.மீ. அகலம் என்பதால் இரண்டும் உட்காரும். இடிப்பது ஆழத்தில்தான். மலிவு மானிட்டரோடு வரும் ஸ்டாண்டின் கால் முன்பின்னாக 20 செ.மீ. வரை நீளும். திரை அந்தக் காலின் நடுவுக்குச் சற்று முன்னால் நிற்பதால் சுவரிலிருந்து 12 செ.மீ. முன்னால் வந்துவிடும். மேசையின் 45 செ.மீ. ஆழத்தில் அதைக் கழித்தால் மிச்சம் 33. உங்கள் கண் மேசை விளிம்புக்குப் பின்னால் 20 செ.மீ. இருக்கும் என்று வைத்தால் கண்ணுக்கும் திரைக்கும் 53 செ.மீ. அந்தத் தூரத்தில் 27 இஞ்ச் திரையின் மூலையில் இருக்கும் மினிமேப்பை (ஆட்டத்தின் சின்ன வரைபடத்தை) பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டிவரும். தலை அசையாமல் மூலை தெரிய வேண்டும், வேலரண்ட் மாதிரி ஆட்டத்துக்கு அது முக்கியம்.

இன்னொன்று, இரண்டிலும் 1920க்கு 1080 புள்ளிகள்தான். 23.8 இஞ்சில் ஒரு புள்ளி 0.275 மி.மீ., 27 இஞ்சில் 0.311 மி.மீ. கிட்ட உட்காரும்போது பெரிய திரையில் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். 27 இஞ்சுக்கு 1440பி எடுத்தால் அந்தக் குறை தீரும், ஆனால் விலை 16,000 பக்கம் போகும். 1650 கார்டும் அத்தனை புள்ளிகளைத் தள்ளத் திணறும். வளைவைப் பொறுத்தவரை, 1500ஆர் (வளைவின் ஆரம் 1500 மி.மீ.) என்று போட்டிருக்கும் 27 இஞ்ச் திரையில் நடுப்பகுதி ஓரங்களைவிட 3 செ.மீ. உள்ளே போகும். இடமே இல்லாத மேசையில் அந்த 3 செ.மீ. கூட நஷ்டம். தனித் திரையில் அதற்கு ஈடான லாபமும் இல்லை.

கடையில் எல்லாரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். சின்ன மேசைக்காரர் மானிட்டரைத் திருப்பி முதுகைப் பார்க்க வேண்டும். 100 மி.மீ. சதுரத்தில் (சிலவற்றில் 75 மி.மீ.) நான்கு துளைகள் இருக்கிறதா? மலிவு மாடல்கள் சிலவற்றில் இருக்காது, கழுத்து அடியில் சொருகும் ஸ்டாண்ட் மட்டும்தான். அப்படிப்பட்டதை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் எடுக்காதீர்கள். துளை இருந்தால் ஸ்டாண்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, திரையைச் சுவரோடு 5 செ.மீ. இடைவெளியில் மாட்டலாம். கண்ணுக்கும் திரைக்கும் 60 செ.மீ. கிடைத்துவிடும். திரைக்கு அடியில் மேசை முழுக்கக் காலி. மவுஸை வீசி ஆட இடம் வேண்டுமானால் கீபோர்டையும் மாற்ற யோசியுங்கள். முழுக் கீபோர்டு 44 செ.மீ., நம்பர் பேடு இல்லாதது 36 செ.மீ. 76 செ.மீ. மேசையில் அந்த 8 செ.மீ. உங்கள் கைக்குத் தெரியும்.

இணையத்தில் எல்லாரும் கேஸ் ஸ்பிரிங் ஆர்ம் (திரையைத் தாங்கி மடங்கி நீளும் கை) வாங்கச் சொல்வார்கள். சுவரை ஒட்டிய மேசைக்கு அது சரிவராது. அந்தக் கை மடங்கும்போது முழங்கை பின்னால் போக இடம் கேட்கும். பின்னால் சுவர் இருந்தால் திரையை முன்னால் தள்ளிவிடும். மேசை ஆழத்தை மிச்சப்படுத்த வாங்கியது அதையே தின்னும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு: 24 இஞ்ச் திரை ஸ்டாண்ட் இல்லாமல் சுமார் 3 கிலோதான் இருக்கும். கனமான திரைக்கு இறுக்கி வைத்த ஸ்பிரிங் அதைத் தூக்கி மேலே கொண்டுபோய் நிறுத்தும், ஆலன் கீ போட்டுத் தளர்த்த வேண்டும். உங்களுக்கு ஒற்றை மடிப்புச் சுவர் பிராக்கெட் போதும். சுவர் சரியில்லை என்றால் மேசை விளிம்பில் கவ்வும் நேர்க்கம்பி ஸ்டாண்ட். பார்ட்டிகிள் போர்டு மேசையாக இருந்தால் கவ்வும் இடத்தில் மேலும் கீழும் ஒரு பிளைவுட் துண்டு வைத்து இறுக்குங்கள். நம் கடற்கரை ஈரத்தில் அந்தப் பலகை ஏற்கெனவே ஊதி மெதுவாகியிருக்கும், நேராகக் கவ்வினால் பொடிந்துவிடும்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊர்ப் பக்கம் தவறு நடப்பது இங்கேதான். உப்பு பூத்த சுவரில் பூச்சுக்குப் பலம் இருக்காது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தொப்பென்று வெற்றுச் சத்தம் வந்தால் பூச்சு செங்கலை விட்டு விலகியிருக்கிறது, அந்த இடம் வேண்டாம். 8 மி.மீ. பிட் போட்டு 5 முதல் 6 செ.மீ. ஆழம் துளையுங்கள். முதலில் வெளிறிய பூச்சுத்தூள் வரும், பிறகு செங்கல் சிவப்பு வர வேண்டும். சிவப்பு வராமல் மணலாகவே கொட்டினால் பிட் இரண்டு கல்லுக்கு நடுச் சந்தில் போகிறது, இரண்டு விரல் தள்ளித் துளையுங்கள். ரால் பிளக் (ஸ்குரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) முழுவதும் செங்கலுக்குள் இருக்க வேண்டும், பூச்சுக்குள் நின்றால் பிடிப்பே இல்லை. பிராக்கெட்டோடு வரும் ஸ்குரூவைத் தூரப் போட்டுவிட்டு எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்குரூ வாங்குங்கள். மானிட்டர் பக்கம் எம்4 ஸ்குரூ, 10 அல்லது 12 மி.மீ. நீளம். துளை குழிக்குள் இருந்தால் ஸ்பேசர் போட்டு அதற்கேற்ற நீளம். கையால் முடுக்கும்போது முட்டி நின்றால் பலவந்தம் பண்ணாதீர்கள். நீளம் அதிகமான ஸ்குரூ உள்ளே இருக்கும் போர்டைக் குத்தும்.

இனி படம். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லிசெகண்ட், 144-ல் 6.9, 180-ல் 5.6. 60-லிருந்து 144-க்குப் போவது யாருக்கும் கண்ணில் படும். 144-லிருந்து 180-க்கு அவ்வளவு இல்லை, அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். உங்கள் 1650 வேலரண்டில் செட்டிங்ஸைக் குறைத்தால் 144-ஐத் தொடும். ஜிடிஏ 5-ல் அது பெரும்பாலும் நடக்காது, அங்கே கார்டு தரும் வேகத்துக்கே திரையை ஓடவைக்கும் ஃப்ரீசிங்க் கை கொடுக்கும். என்விடியா கார்டில் அதை டிஸ்ப்ளே போர்ட் வழியாக இணையுங்கள், எச்டிஎம்ஐ வழியாக எதிர்பார்க்க வேண்டாம். பல மலிவு மானிட்டர்களில் எச்டிஎம்ஐ 144-லேயே நின்றுவிடும், முழு வேகம் டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும். பெட்டியில் வருவதோ பெரும்பாலும் எச்டிஎம்ஐ கேபிள். அதனால்தான் கேபிளுக்குத் தனியாகக் காசு ஒதுக்கச் சொன்னேன்.

மாட்டிய பிறகும் விண்டோஸ் 60-லேயே ஓடலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே மாற்றுங்கள். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் 60-ல் ஆடிக்கொண்டு "வித்தியாசமே தெரியல" என்பவர்கள் உண்டு.

புள்ளி நிறம் மாற 1 மில்லிசெகண்ட் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எம்பிஆர்டி என்று பக்கத்தில் இருந்தால், அது பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்துக் கிடைக்கும் எண், போட்டால் வெளிச்சம் இறங்கிவிடும். மெனுவில் ஓவர்டிரைவை (புள்ளி நிறம் மாறுவதை வேகப்படுத்தும் வசதி) நடு அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நகரும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒட்டும். விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதத்தில் ஐபிஎஸ்ஸின் 1000:1 எங்கே, அதன் 3000:1 எங்கே. ஆனால் மலிவு விஏ-வில் இருட்டுக் காட்சி நகரும்போது கறுப்பு இழுபடும். ஜிடிஏ-வில் ராத்திரி வண்டி ஓட்டிப் பார்த்தால் தெரியும். அதனால் ஐபிஎஸ்.

இந்த விலைக்கு 32 இஞ்ச் டிவியே வாங்கலாமே என்று கீழே யாராவது எழுதுவார்கள். மலிவு 32 இஞ்ச் டிவிகளில் பெரும்பாலானவை 1366க்கு 768, 60 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் மவுஸ் அசைவு தாமதமாகத் தெரியும். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

இப்போது உப்பு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்து இரும்பை அரித்த காற்றுதான் உங்கள் அறைக்குள்ளும் வருகிறது. படம் விட்டுவிட்டு வந்தாலோ, பொட்டுப் பொட்டாக மின்னினாலோ, "நோ சிக்னல்" என்றாலோ பேனல் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். கேபிள் முனையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உலோகத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட சின்ன பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். தின்னர், பெட்ரோல் கூடாது. ஜன்னலைத் திறந்து வைக்கும் அறை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள், கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் மாதம் ஒரு முறை.

திரையில் படியும் மங்கல் வெறும் தூசி இல்லை, உப்பும் மணலும் சேர்ந்தது. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறும். மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக மெதுவாக ஒற்றி எடுங்கள். திரை மேல் நேராக ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. தண்ணீர் வழிந்து கீழ் விளிம்பின் சட்டத்துக்குள் இறங்கும், பேனலுக்குப் போகும் மெல்லிய ஃபிலிம் இணைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு நாள் கழித்து நெட்டுக்குத்தாக ஒரு கோடு விழும், அதற்கு ரிப்பேர் கிடையாது, வாரண்டியும் கிடையாது. பாலித்தீன் உறை போட்டு மூடாதீர்கள், சூட்டோடு ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். பருத்தித் துணி போதும்.

கேள்விக்கு நேராகச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எர்த். நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கிறது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. ஒயர் இருக்கும் வீட்டில் மண்ணுக்குள் போன ஜிஐ பைப் உப்பில் கரைந்து கிளாம்ப் மட்டும் தொங்குகிறது. வீடு கட்டக் கடல் கடந்து பல வருடம் உழைத்துக் காசு அனுப்புகிறார்கள் சபுராளிகள். மார்பிளுக்குச் செலவு செய்த வீட்டில் எர்த் கம்பிக்குச் செலவு செய்யாமல் வேலையை முடித்துவிட்டுப் போவது பெரிய அநியாயம். எர்த் இல்லாத கம்ப்யூட்டரின் கேபினட்டில் டெஸ்டரை வைத்தால் எரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கேபினட்டின் உலோகத்தில் 110 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கிறது. கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குச் சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் ஓடும்போது எச்டிஎம்ஐயைச் சொருகினால் அந்த வோல்ட் கேபிள் வழியாகப் பாயும், மானிட்டரிலோ கார்டிலோ போர்ட் செத்துவிடக்கூடும். மானிட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் காட்ட வேண்டும். இல்லையென்றால் செம்பு பூசிய ராடு புதிதாக இறக்கச் சொல்லுங்கள். அதுவரை கேபிள் மாட்டுவது, கழற்றுவது எல்லாம் இரண்டு பிளக்கையும் பிடுங்கிய பிறகு.

துபாயிலிருந்து யாராவது கொண்டுவரட்டும் என்று நினைத்தால், மின்சாரம் பிரச்சினை இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், பிளக்கோடு வரும் பவர் ஒயரை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். இங்கே வாங்கினாலும் "வீட்டுக்கே வந்து சர்வீஸ்" என்ற வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். மதுரைக்குக் கொண்டுவா என்பார்களானால் வேறு பிராண்டு பாருங்கள், இல்லையென்றால் பழைய பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் பத்திரமாக வையுங்கள்.

வந்த அன்றே பெட்டி பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படத்தை முழுத்திரையில் ஓடவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் மூலை மூலையாகப் பாருங்கள். கறுப்பில் ஒரு புள்ளி விடாமல் எரிந்தாலோ, ஓரத்தில் அழுத்திய தழும்பு மாதிரி வெளிச்சம் கசிந்தாலோ அன்றைக்கே மாற்றக் கேளுங்கள். ஆன்லைன் கடைகள் பலவற்றில் மாற்றித் தரும் கெடு ஏழு நாள்தான். அது முடிந்தால் மானிட்டர் நிறுவனத்திடம் போக வேண்டும், ஒன்றிரண்டு புள்ளிகளை அவர்கள் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஏழு நாள் முடியும் வரை சுவரில் மாட்டாமல் ஸ்டாண்டிலேயே வைத்து ஓட்டுங்கள்.

வாப்பா 8,000 தான் என்று சொல்லிவிட்டால், 24 இஞ்ச் ஐபிஎஸ் 100 ஹெர்ட்ஸ் எடுங்கள். வெசா துளையையும் பிராக்கெட்டையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.