கேள்வி பதில்: மெயின்ஃபிரேம் நிஜமாவே காஸ்ட்லியா?

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு கம்பெனில மெயின்ஃபிரேம் (பேங்க், இன்சூரன்ஸ் கம்பெனிகள் கணக்கு ஓட்டற பெரிய ஐபிஎம் கம்ப்யூட்டர்) பேட்ச் சப்போர்ட்ல இருக்கேன், அதாவது மொத்தமா ஓடற ஜாபுகளைப் பாத்துக்கற வேலை, கிளையன்ட் ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி. மெயின்ஃபிரேம் செலவு கட்டுப்படியாகல, மூணு வருஷத்துல எல்லாத்தையும் லினக்ஸ் சர்வருக்கு மாத்தப் போறோம்னு சொல்லிட்டாங்க. மீட்டிங்ல ஒரு பக்கம் மெயின்ஃபிரேம் பில், இன்னொரு பக்கம் சர்வர் விலை, இந்த ரெண்டைத்தான் காட்டினாங்க. இது சரியான கணக்குதானா?
– வாசகி, பொம்மனஹள்ளி

பதில்: இல்லைங்கம்மா, அது பாதிக் கணக்கு. மாத்தறது தப்புன்னு சொல்ல வரல, ஆனா இந்தக் கணக்கை நம்பி மாத்தினா மூணாவது வருஷம் எல்லாரும் தலைல கை வெச்சுட்டு உக்காருவாங்க.

மொதல்ல அந்த பில் எதனால ஏறுதுன்னு பாருங்க. பெரும்பாலான இடத்துல பெரிய தொகை மெஷினுக்குப் போறதில்ல, ஜெட்-ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்), டிபி2 (டேட்டாபேஸ்), சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனையை ஓட்டறது)னு சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கு மாசாமாசம் போகுது. பழைய முறை பில்லிங்ல இருக்கற இடங்கள்ல அந்த மாசம் மொத்தம் எவ்வளவு ஓடுச்சுன்னு பாக்க மாட்டாங்க, எந்த நாலு மணி நேர சராசரி உச்சத்துக்குப் போச்சோ அதை வெச்சுத்தான் பில் போடுவாங்க. பெரிய கம்பெனிகளுக்கு பெஸ்காம் கரண்ட் பில்லுல அந்த மாசம் தொட்ட உச்ச லோடுக்கு டிமாண்ட் சார்ஜ் போடற மாதிரிதான் இதுவும். மெஷின் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கற யூனிட் எம்எஸ்யூ. மாசம் பூரா 700 எம்எஸ்யூல ஓடிட்டு, மாசக் கடைசில ஒரே ஒரு நாள் காலைல ஆன்லைன் கூட்டமா இருக்கற நேரத்துல யாரோ ஒரு பெரிய ரிப்போர்ட் ஜாபை ஓட்டி சராசரி 1,200-க்கு ஏறிடுச்சுன்னா 1,200-க்குத்தான் பில்.

அதனால உங்க கிளையன்ட்கிட்ட எஸ்சிஆர்டி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. அது மாசாமாசம் ஐபிஎம்முக்கு அனுப்பற ரிப்போர்ட், உச்சம் எந்தத் தேதி எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு அதுல இருக்கும். அந்த நேரத்துல எந்த ஜாப் ஓடுச்சுன்னு எஸ்எம்எஃப் ரெக்கார்டுல (மெஷினே எழுதி வைக்கற பதிவு) தேடினா, பல சமயம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடினாலும் யாருக்கும் நஷ்டமில்லாத ஜாபாத்தான் இருக்கும், அதை நகர்த்தினா கோட்ல ஒரு வரி கூட தொடாம பில் குறையும். ஜாவா வேலையும், வெளியிலேர்ந்து நெட்வொர்க் வழியா வர்ற டிபி2 க்வெரில ஒரு பங்கும் ஜிப்னு தனியா இருக்கற ப்ராசஸருக்குப் போகும், அதுல ஓடற வேலைக்கு எம்எஸ்யூ கணக்கு கிடையாது. 2019-லேர்ந்து டெயிலர்ட் ஃபிட் பிரைசிங்னு மொத்தமா ஓடினதுக்குக் காசு கட்டற முறையும் இருக்கு. இதெல்லாம் செஞ்சு பாத்துட்டு வர்ற பில்லைத்தான் சர்வர் செலவோட பக்கத்துல வைக்கணும்.

இப்ப சர்வர் பக்கம். மெஷின் சீப்தான், அதுல ஏத்தற சாஃப்ட்வேர்தான் சீப் இல்ல. ஆரக்கிள் டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் எடிஷன் லிஸ்ட் விலை ஒரு ப்ராசஸர் லைசென்ஸுக்கு 47,500 டாலர். இன்டெல் சிப்ல ரெண்டு கோருக்கு (சிப்புக்குள்ள வேலை செய்யற தனித்தனி பகுதி) ஒரு லைசென்ஸ்னு கணக்கு, அப்ப 32 கோர் இருக்கற ஒரே ஒரு சர்வருக்கு 16 லைசென்ஸ், 7,60,000 டாலர், அதுக்கு மேல வருஷாவருஷம் 22 சதவீதம் சப்போர்ட். பேரம் பேசினா குறையும், ஆனா டிஆர் சைட்ல (மெயின் இடம் படுத்துட்டா ஓட்டற மாற்று இடம்) இன்னொண்ணு வேணும், டெஸ்டிங்குக்கு வேணும், யூஏடிக்கு (பயன்படுத்தறவங்க ஓட்டிப் பாக்கற டெஸ்ட்) வேணும். மெயின்ஃபிரேம்ல இதெல்லாம் ஒரே பெட்டிக்குள்ள எல்பார்னு தனித்தனி பகுதியாப் பிரிச்சு ஓடிட்டு இருக்கும், நாள் பூரா 90 சதவீதத்துக்கு மேல ஓட்டினாலும் அசராது. சர்வரை யாரும் அப்படி ஓட்ட மாட்டாங்க, உச்ச நேரத்துக்குன்னு இடம் விட்டுத்தான் வாங்குவாங்க, சும்மா கெடக்கற அந்த கோருக்கும் லைசென்ஸ் கட்டணும். விர்ச்சுவலைஸ் பண்ணி, அதாவது ஒரே சர்வருக்குள்ள பல சர்வரை ஓட்டி நிரப்பலாம்தான், ஆனா அதுக்கான சாஃப்ட்வேர் விக்கற விஎம்வேரை 2023 நவம்பர்ல பிராட்காம் வாங்கினதுக்கப்புறம் நிரந்தர லைசென்ஸ் விக்கறதையே நிறுத்தி சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாத்திட்டாங்க, நிறைய பேருக்கு பில் ஏறிடுச்சு. ஒரே கம்பெனிகிட்ட மாட்டிக்கற பிரச்சனை இந்தப் பக்கமும் இருக்குங்கறதுக்காகச் சொல்றேன்.

என்னை ரொம்ப உறுத்தற விஷயம் வேற ஒண்ணு. மெயின்ஃபிரேம்ல ஒவ்வொரு ஜாபும் எத்தனை செகண்ட் சிபியூ எடுத்துச்சுன்னு பதிவாகும், அதனால மொத்தச் செலவும் ஒரே பில்லா கண்ணுக்குத் தெரியும். சர்வர் செலவு அப்படி இல்ல, கரண்ட் ஒரு டிபார்ட்மென்ட் பட்ஜெட்ல, ஸ்டோரேஜ் இன்னொண்ணுல, சாஃப்ட்வேர் திருத்தம் போடற ஆளுங்க சம்பளம் வேற எங்கயோன்னு சிதறிக் கெடக்கும். வெளிப்படையா கணக்கு காட்டறது காஸ்ட்லியாத் தெரியும், சிதறினது சீப்பாத் தெரியும். அப்புறம், நாலு அப்ளிகேஷன் வெளிய போனா மெயின்ஃபிரேம் செலவு அதே அளவுக்குக் குறையாது, மிச்சம் இருக்கறவங்க தலைல விழும், அவங்க பில் ஏறும், அவங்களும் கெளம்பணும்னு நினைப்பாங்க. கடைசி அப்ளிகேஷன் போய் மெஷினை நிறுத்தினாத்தான் முழுசா மிச்சம், அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் காசு கட்டணும். மூணு வருஷம்னு ஆரம்பிச்சது இழுத்துட்டுப் போனா வர்ற மிச்சம் எல்லாம் அதுலயே கரைஞ்சிடும்.

அவசரப்பட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு 2018 ஏப்ரல்ல பிரிட்டன்ல டிஎஸ்பி பேங்க்ல நடந்ததைப் பாருங்க. லாயிட்ஸ் பேங்கோட பழைய சிஸ்டத்துலேர்ந்து ஒரே வீக்எண்ட்ல மாறினாங்க, 19 லட்சம் பேர் வரைக்கும் அக்கவுண்ட்டுக்குள்ள போக முடியாம தவிச்சாங்க, அந்த வருஷம் ஆன செலவு 33 கோடி பவுண்ட், 2022-ல அபராதம் தனியா வந்துச்சு.

என் அபிப்ராயம் இதுதான்: சின்ன மெஷின், கொஞ்சம் அப்ளிகேஷன், வேலை வளரவும் இல்லன்னா தாராளமா வெளிய வரலாம், அந்த அளவுல மெயின்ஃபிரேம் நிஜமாவே காஸ்ட்லி. நாள் பூரா நிரம்பி ஓடற பெரிய மெஷின்னா அங்கயே இருக்கட்டும், புதுசா எழுதறதை மட்டும் வெளிய எழுதட்டும். உங்க கிளையன்ட் இதுல எந்த வகைன்னு எம்எஸ்யூ கணக்கைப் பாத்தா தெரிஞ்சிடும்.

கேள்வி: நம்ம ஊர் பேங்க் எல்லாம் மெயின்ஃபிரேம் இல்லாமலே நல்லா ஓடுதே, யூபிஐ கூட அப்படித்தானே?
– வாசகர், மத்திகெரே

பதில்: ஓடுதுங்க, ஆனா அவங்க ஆரம்பிச்ச இடமே வேற. வெளிநாட்டுக் கம்பெனிகளோட பங்கைக் கட்டுப்படுத்தின ஃபெரா சட்டத்தால ஐபிஎம் 1978-ல நாட்டை விட்டுக் கெளம்பிட்டாங்க, டாடாவோட சேந்து இதே பெங்களூருக்குத் திரும்பி வந்தது 1992-ல. பேங்குகளை கம்ப்யூட்டர் மயமாக்கச் சொன்ன ரங்கராஜன் கமிட்டியோட மொதல் ரிப்போர்ட் 1984. அதாவது நம்ம பேங்குகள் கம்ப்யூட்டருக்கு மாற ஆரம்பிச்சப்ப ஐபிஎம் இங்க இல்லவே இல்ல, அதனால யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடற சர்வர் பக்கம் போனது இயல்பா நடந்துச்சு. மாத்தறதுக்கு கோபால்ங்கற (COBOL) பழைய ப்ரோக்ராம் மொழில எழுதின நாப்பது வருஷ கோடே பெருசா இங்க கிடையாது. யூபிஐ 2016-ல புதுசா, பல மெஷின்ல பிரிச்சு ஓடற மாதிரியே எழுதினது, 2023 ஆகஸ்ட்லயே ஒரு மாசத்துக்கு 1,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டிடுச்சு. ஆனா அது பணத்தை இங்கேர்ந்து அங்க சேக்கற பாலம், உங்க பேலன்ஸ் கணக்கு உங்க பேங்க் சிஸ்டத்துலதான் இருக்கு. பழைய இன்சூரன்ஸ் கோட் எல்லாரும் ஒரே டேட்டாபேஸைத் தொடற மாதிரி எழுதினது, அதைப் பிரிக்கறதுக்குத்தான் காசு.

கேள்வி: பையனுக்கு கேம்பஸ்ல வேலை கெடச்சு மெயின்ஃபிரேம் டிரெய்னிங்ல போட்டுட்டாங்க, வேண்டாம்னு சொல்லிடலாமா?
– வாசகி, அல்சூர்

பதில்: சொல்ல வேண்டாம்மா. ஐபிஎம் 2025-ல கூட ஜெட்17-ன்னு புது மெஷின் விட்டிருக்காங்க, வெளிய மாத்தற ப்ராஜெக்டுக்கும் கோபாலைப் படிச்சுப் புரிஞ்சுக்கற ஆள் கட்டாயம் வேணும். கூடவே ஜாவாவும் லினக்ஸும் விடாம படிக்கட்டும். ஒரு வருஷம் ஆனப்புறம் கெபாசிட்டி பிளானிங் டீம்ல இடம் கேக்கச் சொல்லுங்க, எஸ்எம்எஃப் டைப் 30 ரெக்கார்டைப் படிச்சு எந்த ஜாப் எவ்வளவு சிபியூ எடுக்குதுன்னு சொல்லத் தெரிஞ்ச பசங்க இங்க ரொம்பக் கம்மி.